பாலைப்பழமும் ஒரு நேவிகேற்றரும்

வவுனியா விமானப்படைத் தளத்தைக் கடக்கும்போதெல்லாம் என் கண் அந்த ஓடுபாதைப் பக்கம் போய்விடும். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் போபோட் குண்டுவீச்சு விமானங்கள் நின்ற இடம். ஒரு விமானத்துக்கு நான்கு பேர்; மூக்கிலுள்ள கண்ணாடிக் கூட்டுக்குள் நேவிகேற்றர். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, எவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று பென்சிலும் வரைபடமுமாகக் கணக்குப் பார்ப்பவர்.

ஆனால் நான் நினைத்துக்கொண்டு போனது தெற்கே, கொக்கலையிலிருந்து பறந்த ஒருவரை. 1942 ஏப்ரல் 4. கற்றலீனா கடல்விமானமொன்றில் ஒன்பது பேர். இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார்கள். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியரின் சீரோ போர்விமானங்கள் சுட்டு வீழ்த்திவிட்டன. மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழுந்தது. கனடாக்காரரான விமானி பேர்ச்சலை 'இலங்கையின் மீட்பர்' என்று கொண்டாடினார்கள், தகும். ஆனால் எதிரி எங்கே நிற்கிறான் என்று சொல்ல, நடுக்கடலில் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று முதலில் தெரியவேண்டுமே! அந்தக் கணக்கு நேவிகேற்றர் ஒன்யெற்றின் கையில் இருந்தது. அவரும் கனடாக்காரர்தான். உயிர் தப்பி, போர் முடியும்வரை ஜப்பானில் சிறையிருந்தார். அவர் பெயரை இங்கே எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

ஓமந்தை தாண்டி, பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மம்மாவிடம் இறங்கினேன். பழத்தின் பால் உதட்டில் பிசினாய் ஒட்டியது. எங்கேயிருந்து வாறாய் என்று கேட்டவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன்.

"பிளேனில வந்தவனுக்கு இரக்கப்படச் சொல்லுறியோ மோனை?" என்றார். "சண்டை நேரம் கிபிர் பிளேன் சத்தம் கேட்டா பேரப்பிள்ளையளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள்ள விழுவன். இது விழுந்து துலையாதோ எண்டுதான் நேர்ந்தனான்."

எனக்குப் பதில் வரவில்லை. நேர்ந்ததில் என்ன பிழை?

பேணியால் பழத்தை அளந்து பையில் கொட்டியவர், கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே கேட்டார்.

"ஒன்பது பேர் எண்டனி. எத்தினை பேர் மிஞ்சினது?"

"ஆறு பேர், அம்மம்மா."

"மற்ற மூண்டு பெடியளும்?"

"கடலோட போட்டினம்."

பையின் வாயை முடிச்சுப் போட்டு நீட்டினார். காசை வாங்கி எண்ணவில்லை, மடியில் செருகிக்கொண்டார்.