வடபழனியில் காய்ந்த நிலா

வடபழனியில் படித்த நம் யாருக்கும் வாகினி ஸ்டூடியோவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இப்போது மருத்துவமனையும் மாலுமாகிவிட்ட அந்த வளாகத்தில்தான் 'மாயாபஜார்' படத்தின் துவாரகை செட் எழுந்தது. அடுத்த ஒன்றுகூடலில் அதைத் திரையிடலாம் என்று பேச்சு இருப்பதால், பார்க்கும்போது எங்கெங்கே கண்ணை வைக்க வேண்டும் என்று சொல்லிவைக்கிறேன்.

தெலுங்குப் படம் 1957 மார்ச் 27 அன்று வந்தது, தமிழ் ஏப்ரல் 12 அன்று. இயக்கம் கே. வி. ரெட்டி. கிருஷ்ணனாக என்.டி.ஆர்., நாயகியாகச் சாவித்திரி, கடோத்கஜனாக ரங்காராவ் மூவரும் இரண்டிலும் உண்டு. அபிமன்யு மட்டும் அங்கே நாகேஸ்வரராவ், இங்கே ஜெமினி. நாயகி, பலராமர் மகள் சசிரேகா, தமிழில் வத்சலா. வியாசர் எழுதாத கதை இது. பாண்டவரில் ஒருவர்கூடத் தலைகாட்டாத பாரதப் படம் வேறு எது இருக்கிறது?

கிராபிக்ஸ் என்ற பேச்சே இல்லாத காலம். ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லியிடம் இருந்தது கேமராவும் விளக்கும்தான். ஆள் மறைவது, உருமாறுவது எல்லாம் கேமராவை நிறுத்தி எடுப்பது: நடிகர் அப்படியே சிலையாக நிற்க வேண்டும், ஓட்டத்தை நிறுத்தி ஆளை மாற்றி, மறுபடி ஓட்ட வேண்டும். ஸ்டாண்டு ஒரு நூல் நகர்ந்தாலும் பின்னாலிருக்கும் தூண் 'துள்ளும்'. விளக்கின் சூடு ஏறி வெளிச்சம் மாறினால் அதுவும் காட்டிக்கொடுக்கும். தமிழுக்கும் தெலுங்குக்கும் வாயசைப்பு வேறு என்பதால், பேச்சுள்ள தந்திரக் காட்சிகளை இரண்டு முறை இப்படி நிறுத்தி ஓட்ட வேண்டியிருந்திருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பிரியதரிசினிப் பெட்டியைக் கவனியுங்கள். திறப்பவர் மனதில் யார் அல்லது எது இருக்கிறதோ அதைக் காட்டும் பெட்டி. பலராமருக்குத் துரியோதனன் தெரிகிறான், அவர் மனைவி ரேவதிக்கு நகை, கிருஷ்ணனுக்குச் சகுனி! ஒரு சட்டத்துக்குள் (பிரேமுக்குள்) இன்னொரு படம் வர, அந்தக் காலத்து வழி இதுதான்: லென்சுக்கு முன் கறுப்பு மறைப்பு வைத்து ஒரு பகுதியைப் பதியாமல் விட வேண்டும்; பிறகு பிலிமைப் பின்னால் சுற்றி, அதே சட்டத்திலிருந்து மறைப்பை மாற்றிவைத்து மறுபாதியை எடுக்க வேண்டும். சுற்றியதில் எண்ணிக்கை பிசகினால் இரண்டும் ஒத்துப்போகாது. மறைப்பின் விளிம்பு கொஞ்சம் மேலேறினால் கறுப்புக் கோடு விழும், கீழிறங்கினால் இரண்டு பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். தவறு நடந்தது லேபில் கழுவிப் போட்ட பிறகுதான் தெரியும்.

எல்லோரும் கேட்பது படகுப் பாட்டின் நிலாவைத்தான். எண்ணூரில் எடுத்த வெளிப்புறக் காட்சி சில வினாடிதான். மற்றதெல்லாம் அரங்க வேலை. கறுப்பு வெள்ளையில் நிலா வேண்டுமென்றால் முதுகுப்பக்கமிருந்து கடினமான விளக்கு வேண்டும். அது தலைமுடியிலும் தோளிலும் நீரலையிலும் வெள்ளிக் கோடு போடும். முன்னாலிருந்து முகத்துக்கு மிக மெல்லிய வெளிச்சம். இது கூடினால் பகலாகிவிடும், குறைந்தால் சாவித்திரியின் கண்ணே தெரியாது. பாட்டு முழுக்க அந்த அளவு தவறவில்லை. என்னைக் கேட்டால், படத்தின் பெரிய மாயம் லட்டு பறப்பதல்ல, இதுதான்.

லட்டையும் விடக் கூடாது. உணவு தானாக வாய்க்குள் போவதற்கு அன்று இருந்த வழிகளில் ஒன்று கறுப்பு நூல், இன்னொன்று தலைகீழாக ஓட்டி எடுப்பது. இரண்டாவதில் நடிகர் முகபாவத்தையும் பின்னிருந்து முன்னாக நடிக்க வேண்டும். அந்தச் சிரமம் எதுவும் ரங்காராவ் முகத்தில் தெரியாது, பசிதான் தெரியும். வத்சலா உருவெடுத்த கடோத்கஜனாகச் சாவித்திரி பண்ணும் அட்டகாசத்துக்கோ எந்தத் தந்திரமும் தேவைப்படவில்லை. நடையும் தோளும் போதும்.

2010இல் ஹைதராபாத் நிறுவனம் ஒன்று வண்ணமேற்றி வெளியிட்ட தெலுங்குப் பிரதியும் கிடைக்கிறது. உழைப்பு பெரிது, ஆனாலும் திரையிட வேண்டாம் என்பேன். ஏறக்குறைய சதுரமான சட்டத்தை ஸ்கோப் என்னும் அகலத்திரையாக மாற்றியதில் மேலும் கீழும் போய்விட்டது. பார்ட்லி வெளிச்சத்தால் பிரித்துக் காட்டியதை வண்ணம் ஒன்றாகக் குழப்புகிறது. பழைய கறுப்பு வெள்ளையே போடுங்கள். புரொஜெக்டரில் 4:3 என்று வைத்து, பக்கங்களில் கறுப்பு விழுந்தால் விழட்டும். இழுத்து நிரப்பினால் கடோத்கஜன் இன்னும் குண்டாவார்!

ஒன்று மட்டும்: தமிழ்ப் படம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 'கல்யாண சமையல் சாதம்' பாட்டு வருவது பிற்பாதியில். ஆகவே இடைவேளையிலேயே சாப்பாட்டைப் போட்டுவிடுங்கள்.