எட்டு ஐரிஸ்களுக்குப் பெயர் இல்லை

பாத்தியில் இப்போது 31 வகை ஐரிஸ் பூச்செடிகள் இருக்கின்றன. 23க்குப் பெயர் தெரியும், எட்டுக்குத் தெரியாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நட்டபோது எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. தொலைத்தவன் நான்தான்.

வெள்ளைப் பிளாஸ்டிக் சீட்டுகளில், அழியாது என்று உறுதி சொன்ன கறுப்பு மார்க்கரால் எழுதிச் செருகியிருந்தேன். மழைக்கு அது அழியவில்லை. வெயிலுக்கு அழிந்தது. ஒரு சீட்டை எடுத்துச் சாய்த்துப் பார்த்தபோது மை இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு நிழல் மட்டும் இருந்தது. 'டஸ்கி' என்று எழுத்துக்கூட்ட முடிந்தது. அதனால் 'டஸ்கி சேலஞ்சர்' பிழைத்தது. 1992இல் ஐரிஸ்களுக்கான உயரிய விருதான டைக்ஸ் பதக்கம் வாங்கிய செடிக்கு என் தோட்டத்தில் நேர்ந்த மரியாதை இவ்வளவுதான். அடுத்த சீட்டைத் தொட்டதும் அப்பளம்போல் நொறுங்கிவிட்டது.

பூத்தால் படத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். கருநீல ஊதாவில் ஒரு பூ வந்தது. 'டைட்டன்ஸ் குளோரி' என்று காலையில் முடிவு செய்தேன். மாலை வெளிச்சத்தில் அதே பூ வேறொன்றாகத் தெரிந்தது. பதிவான ஐரிஸ் வகைகள் பல்லாயிரம். அவற்றில் ஊதா மட்டுமே எத்தனை! ஊகித்து ஒரு பெயரை ஒட்டிவிட்டால், அந்தக் கிழங்கை வாங்கிப் போகிறவர் தோட்டத்திலும் பொய் வேர்விடும். எனவே எட்டுக்கும் எண் கொடுத்தேன். 'பெயர் தெரியாதது 4: கத்தரிப்பூ நிறம், மஞ்சள் தாடி, 80 செ.மீ., இலையடியில் ஊதாச் சாயம்.' தாடி என்பது கீழிதழ்களின் மேல் இருக்கும் மயிர்க்கற்றை. கடைசிக் குறிப்பு முக்கியமானது. சில வகைகளுக்கு இலையின் அடிப்பகுதி ஊதாவாக இருக்கும், சிலவற்றுக்கு வெறும் பச்சை. பூ இல்லாத நாட்களில் கைகொடுக்கும் அடையாளங்களில் அது ஒன்று.

தேர்வு செய்ததிலும் தவறு இருந்தது. நிறத்தை மட்டும் பார்த்து வாங்கியதில் ஏறக்குறைய எல்லாமே 70 செ.மீ.க்கு மேல் வளரும் உயரத் தாடி ஐரிஸாக அமைந்துவிட்டன. எல்லாம் ஒரே சமயத்தில் பூத்து, ஒரே காற்றில் சாய்ந்தன. இரண்டாம் ஆண்டில் 20 முதல் 41 செ.மீ. வரையிலான குள்ள வகைகளையும், அவற்றுக்கு அடுத்த இடைநிலை வகைகளையும் சேர்த்தேன். குள்ளம் முதலில், இடைநிலை அடுத்து, உயரம் கடைசியில் என்று பூக்காலம் நீண்டது. வெள்ளை 'இம்மார்ட்டாலிட்டி' இலையுதிர் காலத்தில் மறுபடியும் பூக்கும் என்பதால் அதற்கு நல்ல வெயில் படும் மூலையைக் கொடுத்தேன்.

நான் செய்த பெரிய அசட்டுத்தனம் வேறு. வெளிர் நீலத்திலிருந்து கருநீலம் வரை படிப்படியாக அடர்வது அழகாக இருக்கும் என்று ஒத்த நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நட்டேன். முதல் ஆண்டு உண்மையிலேயே அழகுதான். ஆனால் ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அதன் பக்கவாட்டில் வரும் குட்டிகள்தான் பூக்கும். குட்டிகள் நகர்ந்து நகர்ந்து அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டன. இப்போது ஊதாவுக்குப் பக்கத்தில் மஞ்சள், அதற்கு அடுத்து வெள்ளை. யார் எல்லை தாண்டினாலும் பூக்காலத்தில் தெரிந்துவிடும்.

பூ முடிந்து ஆறு வாரம் கழித்துப் பிரித்து நட்டேன். இலைகளை 15 செ.மீ.க்கு வெட்டியதும், கழுவப் போகும் முன்பே, இலைமீது மார்க்கரால் பெயரை எழுதிவிடுகிறேன். அந்த மை சில நாள் தாங்கினால் போதும். மூன்று புதரை ஒரே வாளியில் போட்டுக் கழுவிய நாளில்தான் இரண்டு பெயர்கள் போயின. இப்போது ஒரு வாளி, ஒரு வகை. கிழங்கின் முதுகு வெயிலில் தெரியும்படிதான் நடுகிறேன். ஆழப் புதைத்த ஒன்று அழுகி, தொட்டால் கூழாகி, நாற்றம் தாங்கவில்லை.

சீட்டுக்கு இப்போது மெல்லிய அலுமினியத் தகடு, எழுதுவதற்குச் சாதாரணப் பென்சில். அழுத்தி எழுதினால் கரி போனாலும் தகட்டில் பள்ளம் நிற்கும். ஒன்று கம்பியில் தொங்குகிறது; இன்னொன்றை அதே புதரின் பின்புறம் மண்ணுக்குள் புதைக்கிறேன். களைக்கொட்டு பட்டுக் கம்பி பிடுங்கிக்கொள்வது வாடிக்கை. நோட்டில் பாத்தியின் வரைபடமும் உண்டு. மூன்றும் சேர்ந்தால் கொஞ்சம் அதிகம்தான். எட்டுப் பெயரை இழந்தவனுக்கு அது அதிகமாகத் தோன்றாது.

வாடிய பூக்களையும் உடனே ஒடித்துவிடுகிறேன். காய் முற்றி விதை சிந்தினால், தாயைப்போல் இல்லாத கன்று அதே புதரில் முளைக்கும். செடி நிறம் மாறிவிட்டது என்று பலர் சொல்லும் கதைக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வாரம் 'பெவர்லி சில்ஸ்' புதரில் வழக்கமான இளஞ்சிவப்போடு ஓர் ஊதாப் பூவும் வந்திருக்கிறது. எங்கிருந்து வந்த கன்று, எப்போது விதை விழுந்தது என்று தெரியவில்லை. அந்தத் தண்டின் அடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். தோண்ட இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. நோட்டில் ஒன்பதாம் எண்ணை எழுதியாகிவிட்டது.