அக்கிலீஸின் கோபமும் அஜாக்ஸின் கோபமும்

ஜூன் 4

டிராய் போரைப் பாடும் ஹோமரின் கிரேக்கக் காவியம் இலியட். அதன் முதல் காண்டம், மறுபடியும். மூலத்தில் காவியத்தின் முதல் சொல்லே ‘கோபம்’தான். தனக்குப் போர்ப்பரிசாகக் கிடைத்த பிரிசெயிஸ் என்ற பெண்ணைக் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னன் பறிக்கப்போகிறான் என்றதும் வீரன் அக்கிலீஸ் வாளைப் பாதி உருவிவிடுகிறான். தேவி அதீனா பின்னாலிருந்து அவன் முடியைப் பிடித்து இழுக்கிறாள். வேறு யார் கண்ணுக்கும் அவள் தெரியவில்லை. வாள் உறைக்குத் திரும்புகிறது.

ஜூன் 7

ஒன்பதாம் காண்டம். போரிலிருந்து ஒதுங்கிவிட்ட அக்கிலீஸிடம் சமாதானம் பேச மூவர் வருகிறார்கள். ஒடிசியஸும் கிழவன் ஃபீனிக்ஸும் நீட்டி முழக்குகிறார்கள். அஜாக்ஸ் பேசுவது இருபது வரிகூட இல்லை. உடன்பிறந்தவனைக் கொன்றவனிடமே ஈட்டுப்பணம் வாங்கிக்கொண்டு மனிதர்கள் மனம் ஆறுகிறார்களே, ஒரு பெண்ணுக்காக உனக்கு இவ்வளவு கல்நெஞ்சா என்கிறான். நாளைக்கே கப்பலேறுவேன் என்றிருந்த அக்கிலீஸ், அதற்குப் பிறகு ஊர் திரும்பும் பேச்சையே எடுப்பதில்லை. அஜாக்ஸை வெறும் முரட்டு உடம்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தப்பு.

ஜூன் 12

கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ‘அஜாக்ஸ்’ நாடகத்தை ஒரே மூச்சில் முடித்தேன். தூக்கம் வரவில்லை.

அக்கிலீஸ் இறந்தபின் அவன் ஆயுதங்கள் ஒடிசியஸுக்குப் போய்விடுகின்றன. அவமானம் தாங்காத அஜாக்ஸ், தலைவர்களை வெட்ட இரவில் கிளம்புகிறான். இங்கேயும் அதீனாதான் தடுக்கிறாள். ஆனால் முடியைப் பிடித்து அல்ல, புத்தியைக் கலக்கி. எதிரிகள் என்று எண்ணி ஆடுமாடுகளை வெட்டித் தள்ளுகிறான். தெளிந்து பார்க்கும்போது சுற்றிலும் ரத்தம். அக்கிலீஸிடம் பேசிய அதே தெய்வம் இவனை வேடிக்கைப் பொருளாக்குகிறது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பகைவனான ஒடிசியஸே பரிதாபப்படுகிறான்.

ஜூன் 13

நேற்று எழுதாமல் விட்டது. பனிக்காலம் கோடைக்கு வழிவிடுகிறது, இரவு பகலுக்கு ஒதுங்குகிறது, நானும் பணியக் கற்றுக்கொள்கிறேன் என்கிறான் அஜாக்ஸ். கேட்டவர்கள் மகிழ்ந்து ஆடுகிறார்கள். அவனோ கடற்கரைக்குப் போய், முன்பு எதிரியான டிராய் வீரன் ஹெக்டர் பரிசளித்த வாளை டிராய் மண்ணில் நட்டு அதன்மேல் விழுகிறான். பணிவைப் பற்றி அந்த நாடகத்தில் இவ்வளவு அழகாக வேறு யாரும் பேசவில்லை. பொய் சொன்னான் என்று நான் நம்பவில்லை. எல்லாம் புரிந்தது, தன்னால்தான் முடியவில்லை. அக்கிலீஸுக்குச் சொன்ன புத்திமதியும் அப்படித்தானே!

ஜூன் 17

இருபத்துநாலாம் காண்டம். மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு வந்த டிராய் மன்னன் பிரியாம், தன் பிள்ளைகளைக் கொன்ற அக்கிலீஸின் கைகளுக்கு முத்தமிடுகிறான். அக்கிலீஸ் தன் தகப்பனை நினைத்து அழுகிறான், இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். அஜாக்ஸின் காலடியிலும் அவன் துணைவி டெக்மெஸ்ஸா கெஞ்சினாள், அவன் பெற்றோரையும் சின்ன மகனையும் சொல்லித்தான் கெஞ்சினாள். அக்கிலீஸ் உயர்ந்தவன் என்று இதை வைத்துச் சொல்ல மனம் வரவில்லை. அவனைத் தேடி எதிரியே வந்தான். உயிரோடிருந்தவரை அஜாக்ஸின் கூடாரத்துக்கு அப்படி யாரும் வரவில்லை. ஒடிசியஸ் வாதாடியது பிணத்தைப் புதைக்கத்தான்.

ஜூன் 18

பண்டைய கிரேக்க ஓவியன் எக்செக்கியாஸ் வரைந்த, வாட்டிகனில் உள்ள ஜாடியைப் படத்தில் பார்த்தேன். இருவரும் குனிந்து பகடை ஆடுகிறார்கள். அக்கிலீஸ் தலையில் கவசம், அஜாக்ஸ் கழற்றிப் பின்னால் வைத்திருக்கிறான். வாயருகே எழுத்துகள். அக்கிலீஸ் ‘நாலு’ என்கிறான், அஜாக்ஸ் ‘மூணு’.