அந்தமானுக்குப் பை கட்டும்போது

பிப்ரவரியில் மறுபடியும் அந்தமான் போகிறோம். டிக்கெட் போட்டு இரண்டு மாதம் ஆகிறது, ஆனால் எனக்குப் பயணம் தொடங்கியது போன ஞாயிற்றுக்கிழமைதான், பரணிலிருந்து பையை இறக்கித் தூசி தட்டி ஹாலில் வைத்தபோது. அன்றிலிருந்து வீட்டில் ஆளாளுக்கு ஒரு பொருளைக் கொண்டுவந்து பைக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள், நான் அதில் பாதியை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைக்கிறேன்.

2019 டிசம்பரில் முதல்முறை போனபோது உறவுக்காரர் கல்யாணத்துக்குக் கிளம்புவது மாதிரி கட்டினோம். ஆளுக்கு மூன்று ஜீன்ஸ், நாலு பேருக்கு நாலு பெரிய டர்க்கி டவல், போட்டோ எடுக்க நல்ல பட்டுச் சுடிதார், ஷூ, எல்லாவற்றுக்கும் மேல் "எதற்கும் இருக்கட்டும்" என்று அம்மா திணித்த கம்பளி. முதல் நாள் சாயங்காலமே கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் அலை முழங்காலுக்கு மேல் ஏறி அடித்தது. அன்று நனைந்த ஜீன்ஸ் மூன்று நாள் காயவே இல்லை. காற்று அவ்வளவு ஈரம், அதோடு துணியில் உப்பு ஏறிவிட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் ராத்திரி தொட்டால் பிசுபிசு என்று இருக்கும். நாலாவது நாள் அந்த ஈரத் துணிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தூக்கிக்கொண்டு படகுத்துறையில் நின்றபோது பையின் எடை போகும்போது இருந்ததைவிடக் கூடியிருந்தது.

அதனால் இந்தமுறை ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே கேள்விதான் வைத்திருக்கிறேன்: இது நனைந்தால் எவ்வளவு நேரத்தில் காயும்?

இந்தக் கேள்வியில் முதல் மார்க் வாங்கியது எது தெரியுமா, நம் ஈரிழைத் துண்டு. கடற்கரைக்கென்று தனியாக விற்கிற டவல்களை எல்லாம் பார்த்துவிட்டேன், எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. போன வாரம் ஒரு துண்டை பக்கெட் தண்ணீரில் முக்கிப் பிழிந்து பால்கனிக் கொடியில் போட்டேன், பக்கத்திலேயே டர்க்கி டவலையும் போட்டேன். துண்டு ஒன்றரை மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிட்டது. டர்க்கி டவலின் நடுப்பகுதி சாயங்காலம் வரை சில்லென்று இருந்தது. துண்டை மடித்தால் உள்ளங்கை அளவு. தலை துவட்டலாம், வெயிலில் முக்காடு போடலாம், மணலில் விரித்து உட்காரலாம், குழந்தை நனைந்து நடுங்கினால் சுற்றிவிடலாம், உதறினால் மணல் அப்படியே கொட்டிவிடும். ஆளுக்கு இரண்டு. என் வீட்டுக்காரருக்குக் கூடுதலாக ஒரு கைலி. ஜீன்ஸ் ஒன்றுகூடக் கிடையாது.

எடையைப் பற்றி இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான், ஆளுக்கு 15 கிலோ என்றால் தாராளமாகவே தோன்றும். ஆனால் அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. ஹேவ்லாக் போகப் படகு, அங்கிருந்து நீல் தீவுக்கு இன்னொரு படகு, திரும்பிவர மூன்றாவது. ஒவ்வொரு முறையும் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று, அசைகிற பலகையில் ஏறி இறங்க வேண்டும். சக்கரம் வைத்த பெட்டி மணலில் உருளாது, சக்கரத்துக்குள் மணல் புகுந்தால் அப்புறம் விமான நிலையத்திலும் உருளாது. முதுகில் மாட்டும் பைதான் சரி. இன்னொன்று, டிக்கெட்டைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள், ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீவு என்றும் நீலுக்கு ஷாஹீத் தீவு என்றும் 2018இலேயே பெயர் மாற்றிவிட்டார்கள், போர்ட் பிளேரும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. எல்லோருடைய அசல் அடையாள அட்டையும் கையில் எடுக்கிற இடத்தில் இருக்கட்டும், படகு ஏறும்போதும் கேட்பார்கள்.

படகு என்றதும் அம்மாவுக்கு இப்போதே வயிற்றைப் பிரட்டுகிறது. போனமுறை பாதி வழியில் ஆரம்பித்த வாந்தி கரை தெரிகிறவரை நிற்கவில்லை. மாத்திரையை வாந்தி வந்த பிறகு கொடுத்துப் பிரயோஜனமில்லை, படகு கிளம்புவதற்கு முன்பே வயிற்றில் இருக்க வேண்டும். அதை டாக்டரிடம் கேட்டு, அம்மாவின் பிரஷர் மாத்திரையோடு ஒத்துக்கொள்ளுமா என்றும் தெரிந்துகொண்டு வாங்கிவிட்டேன். கூடவே இஞ்சி மொரப்பா ஒரு பாக்கெட். மருந்தெல்லாம் கைப்பையில்தான். அம்மா இந்தமுறையும் வர ஒத்துக்கொண்டதே செல்லுலார் சிறைக்காக. ஏழு சிறகுகளாகக் கட்டிய அந்தக் கட்டடத்தில் இப்போது மிச்சம் இருப்பது மூன்று, போனமுறை மூட்டு வலியால் மாடி ஏறாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். "இந்தத் தடவை மேலே வரைக்கும் ஏறிப் பார்த்துடணும்டி, கையில ஒரு குச்சி மட்டும் எடுத்துக்கோ" என்றாள். மடக்குகிற கைத்தடி வாங்கியாயிற்று, அதற்குக் கேள்வியே கிடையாது.

மணலில் ஒரு பொடிப்பூச்சி இருக்கிறது, சாண்ட்ஃப்ளை என்பார்கள், கடிக்கும்போது தெரியாது. ராத்திரி அரிக்க ஆரம்பித்து ஊருக்கு வந்து இரண்டு வாரம் ஆனாலும் தடிப்பு இருக்கும். கணுக்காலில் தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் கெட்டியாகத் தடவிக்கொண்டால் கடி குறைகிறது, இது எங்கள் அனுபவம். ஒரு சின்ன பாட்டில் எண்ணெய், ஒரு கலமைன் லோஷன். டார்ச் ஒன்று. அந்தமான் நம்மைவிட ரொம்பக் கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம்முடையது, அதனால் டிசம்பரில் 5 மணியைத் தாண்டியதுமே சூரியன் போய்விடுகிறது, கடற்கரையிலிருந்து திரும்பும் வழி இருட்டாக இருக்கும். ரொக்கப் பணமும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து கடலுக்கடியில் போட்ட கேபிள் 2020 ஆகஸ்டில் வந்த பிறகு இணையம் எவ்வளவோ தேறிவிட்டது என்கிறார்கள், ஆனாலும் இளநீர்க் கடையில் போனை ஆட்டிக்கொண்டு நிற்க எனக்கு விருப்பமில்லை.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். பாட்டிலின் பின்பக்கம் ஆக்சிபென்சோன் அல்லது பென்சோபினோன்-3 என்று இருக்கிறதா பாருங்கள், இரண்டும் ஒன்றுதான். பவளத்துக்குக் கெடுதல் என்று பலாவ் நாடு 2020இலும் ஹவாய் 2021இலும் இதற்குத் தடை போட்டன. 2010இல் கடல் சூடேறி அந்தமானில் பவளம் ஏராளமாக வெளுத்துப்போனது, 2016இல் மறுபடியும். கடல் சூடாவதோடு ஒப்பிட்டால் என் பாட்டில் சின்ன விஷயம்தான், சரி, ஆனால் அது என் கையில் இருக்கிற விஷயம். ஜிங்க் ஆக்சைடு உள்ளதை வாங்கினேன். அதைவிட நல்லது முழுக்கை நீச்சல் சட்டை, முதுகும் கையும் மூடிவிட்டால் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் தடவினால் போதும். அதுவும் சீக்கிரம் காயும்.

இனி நான் உண்மையிலேயே எழுத நினைத்தது.

போனமுறை என் மகளுக்கு ஆறு வயது, அப்போதே கண்ணாடி போட்டிருந்தாள். ராதாநகர் கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தவளை ஒரு அலை புரட்டிப்போட்டது. எழுந்தபோது முகத்தில் கண்ணாடி இல்லை. நாங்களும் அங்கே இருந்த இரண்டு பையன்களும் அரை மணி நேரம் மணலைத் துழாவினோம். கிடைக்கவில்லை. மாற்றுக் கண்ணாடி சென்னையில் மேஜை டிராயரில் இருந்தது. மறுநாள் எலிஃபண்ட் பீச்சில், தண்ணீருக்குள் பார்ப்பதற்கான மாஸ்க் மாட்டி, டியூபில் படுக்கவைத்து, பவளப்பாறை மேலே கூட்டிக்கொண்டு போனார்கள். வெளியே வந்ததும் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். "நீலமா என்னவோ போச்சும்மா" என்றாள். அவ்வளவுதான். அவளைச் சுற்றி அத்தனை மீன்கள் இருந்திருக்கின்றன. நான் அதே தண்ணீரில் கோமாளி மீன்களைத் தெளிவாகப் பார்த்தேன், அது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மாஸ்க் போட முடியாது, காதுக் கம்பி இடையில் நின்றால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். கிட்டப்பார்வைக்குப் பவர் லென்ஸ் வைத்த மாஸ்க் கிடைக்கிறது என்பதே எனக்குப் போன வருடம்தான் தெரியும். அரை அரைப் பவராக வைத்திருக்கிறார்கள், இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு எண் போட்டுத் தருகிறார்கள். அதை வாங்கியாயிற்று. அதோடு பழைய கண்ணாடி ஒன்று, கழுத்தில் மாட்டும் கயிறு இரண்டு. குழந்தைக்கோ உங்களுக்கோ கண்ணாடி இருந்தால், துணி எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை முதலில் வையுங்கள்.

திரும்பும்போது பையில் புதிதாக எதுவும் சேராது என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பவளத்துண்டு கரையில் செத்துக் கிடந்தாலும் எடுக்கக் கூடாது, 1972ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டத்தில் பவளம் பாதுகாக்கப்பட்ட உயிர். போனமுறை விமான நிலையத்தில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பத்தின் பையிலிருந்து பவளத்தையும் சங்கையும் மேஜைமேல் எடுத்து வைத்தபோது அந்தக் குழந்தை அழுத அழுகை இவளுக்கும் ஞாபகம் இருக்கிறது. நம் பிஸ்கட் கவர், ஷாம்பு சாஷே எல்லாம் நம்மோடு திரும்பி வர ஒரு காலிப் பை மட்டும் வைத்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி எடை போட்டோம். பெரிய பை 11 கிலோ 400 கிராம். இவள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள், சமையலறை வாசலில் நின்று ஹால் சுவரில் இருக்கும் நாள்காட்டியைப் பார்த்து ராகுகாலம் எத்தனை மணிக்கு என்று படித்துக் காட்டினாள்.