பத்து மணியிலிருந்து பத்தேகால் வரை

2025 மார்ச் பிளஸ் டூ பொதுத்தேர்வில் எனக்குத் துறை அலுவலர் பணி. எங்கள் பேச்சில் டி.ஓ. பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிதான் மையம். 17 அறைகள், அறைக்கு 20 பேர். மாவட்டக் கூட்டத்துக்குப் போய்வந்த கையோடு முதன்மைக் கண்காணிப்பாளர் என்னிடம், "டீச்சர், ஹால் சூப்பர்வைசர்களுக்கு நீங்களே பயிற்சி எடுத்துடுங்க. எனக்கு மத்த ஏற்பாடே சரியா இருக்கும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு, அன்று இரவே அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அறிவுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதில் எல்லாமே இருக்கிறது. குறை அந்தத் தாளில் இல்லை, நாங்கள் கூட்டம் நடத்தும் விதத்தில்தான். ஒருவர் மளமளவென்று வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்போம், கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துக் கிளம்புவோம். மறுநாள் காலை விடைத்தாள் கட்டைக் கையில் வாங்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

எனக்கு அப்படி ஒரு காலை நடந்திருக்கிறது. இன்னொரு மையத்தில், சில வருடங்களுக்கு முன். மாணவரின் படம், பெயர், பதிவெண், பார்கோடு எல்லாம் அச்சிட்ட முகப்புத்தாளை விடைத்தாளோடு சேர்த்துத் தைத்துத்தான் கொடுக்கிறோம். ஆகவே அந்தக் கட்டில் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு உரியது. அன்று ஒரு பையன் வரவில்லை. அடுத்த பதிவெண் பையனுக்கும் அதே பெயர், இனிஷியல் மட்டும் வேறு. வராதவனின் விடைத்தாளை இவனிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். கையெழுத்து வாங்கத் திரும்பி வந்தபோது மணி பத்து இருபத்தைந்து. பத்தேகாலுக்கே எழுதத் தொடங்கியிருக்க வேண்டியவன், ஒரு எழுத்துகூட எழுதாமல் உட்கார்ந்திருந்தான். "டீச்சர், இது என் போட்டோ இல்லை" என்றான், ஏதோ தான் தப்புச் செய்தவன் போல. அறையில் பேசக் கூடாது என்று நான்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். மாற்றிக் கொடுப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அவனுக்குப் போன அந்தப் பத்து நிமிடத்தை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

அதனால் இந்த முறை வாசிப்பதில்லை, செய்துபார்ப்பது என்று முடிவு செய்தேன்.

பழைய மாதிரி வினாத்தாள்களை இருபது இருபதாக உறையில் போட்டு ஒட்டினேன். உறையின் மேல் பாடம், தேதி எழுதினேன். ஒரு உறையில் மட்டும் வேண்டுமென்றே வேறு பாடம். இயற்பியலும் பொருளியலும் ஒரே நாளில் நடக்கும். அறை மாறி உறை போனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே நெஞ்சு படபடக்கும் விஷயம் அது. கூட்டத்துக்கு வந்தவர்களில் இருபது பேரை பெஞ்சில் மாணவர்களாக உட்காரவைத்து, ஒருவரை மட்டும் எழுப்பிக் கட்டைக் கொடுத்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பத்து மணிக்குத் திருப்பி வைத்தோம்.

முதலில் வந்தவர் அனுபவசாலி. உறையை மாணவர்களுக்குக் காட்டி, இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, கத்தரிக்கோலை எடுத்து வெட்டினார். வெட்டியதில் உள்ளே இருந்த தாள்களின் ஓரமும் சேர்ந்து போய்விட்டது. அதைவிட, அவர் பிரித்ததுதான் அந்தப் பாடம் மாறிய உறை. கையெழுத்துப் போட்ட இரண்டு 'மாணவர்களும்' மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. அறை அப்படியே அமைதியாகிவிட்டது. அவர் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். "நல்லவேளை, இது இன்னைக்கு நடந்துச்சு" என்று அவரே சொன்னார். அப்புறம் ஒரு பழக்கம் வைத்தோம்: கையெழுத்துப் போடும் மாணவர் பாடத்தின் பெயரையும் தேதியையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் கத்தரிக்கோல். வெட்டுவதற்கு முன் உறையைத் தட்டி, தாள்களை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

பத்து மணிக்கு வினாத்தாள். பத்து நிமிடம் வாசிக்க, அடுத்த ஐந்து நிமிடம் முகப்புத்தாள் விவரங்களைச் சரிபார்க்க, பத்தேகாலுக்கு எழுதத் தொடக்கம். இந்தப் பதினைந்து நிமிடத்தை மூன்று முறை ஓட்டிப்பார்த்தோம். விடைத்தாள் கொடுக்கும்போது மூன்றைப் பார்க்கச் சொன்னேன்: முகம், ஹால் டிக்கெட், முகப்புத்தாளின் படம். வராதவரின் விடைத்தாளை முதலிலேயே கட்டிலிருந்து உருவித் தனியே வைத்துவிட வேண்டும். "ஏதாவது தப்பா இருந்தா பயப்படாம கையைத் தூக்குங்கப்பா" என்று ஒவ்வொரு அறையிலும் சொல்லியே ஆக வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். அந்தப் பையனை நினைத்துத்தான் கேட்டேன்.

பிட் பற்றிய பேச்சு நீண்டது. முதல் முறை பணிக்கு வந்திருந்த இளம் ஆசிரியை ஒருவர், "பாக்கெட்டில் பேப்பர் இருக்கிறது, ஆனால் பார்த்து எழுதவில்லை என்றால் என்ன செய்வது மேடம்?" என்று கேட்டார். வைத்திருப்பதே குற்றமாகிவிடும். அதனால்தான் உறையைப் பிரிப்பதற்கு முன்பே, கையில் பையில் எது இருந்தாலும் வெளியே வைத்துவிட்டு வர நிதானமாக இரண்டு முறை நேரம் கொடுங்கள் என்றேன். எத்தனை பேரைப் பிடித்தோம் என்பதில் பெருமை இல்லை. ஒரு பிள்ளைகூட மாட்டிக்கொள்ளாதபடி முன்கூட்டியே தடுப்பதுதான் நம் வேலை. அப்படியும் கிடைத்தால் கத்தக் கூடாது, கை ஓங்கக் கூடாது. முதன்மைக் கண்காணிப்பாளருக்குத் தகவல் சொல்லிவிட்டு மற்ற பத்தொன்பது பேரின் எழுத்து நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுதிய விடைகள் முழுவதையும் தானே கோடிட்டு அடித்தாலும் அது ஒழுங்கீனம்தான் என்பது பல மாணவர்களுக்குத் தெரியாது. மனம் உடைந்து அப்படிச் செய்துவிடுவார்கள். அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தானே எழுத முடியாத ஒரு மாணவன் சொல்வதை எழுதுபவராக நியமிக்கப்பட்டிருந்த ஆசிரியரோடு தனியாக அரை மணி நேரம் உட்கார்ந்தேன். அந்த மாணவனுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு. நான் மாணவனாக நடித்து ஒரு விடையைத் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் எழுதியதை வாங்கிப் பார்த்தால், நான் சொல்லாத ஒரு நல்ல வாக்கியம் அதில் இருந்தது! மனிதர் இரக்கப்பட்டுத்தான் சேர்த்திருந்தார். "சார், அது உங்க விடை. அவன் சொல்றதைத்தான் எழுதணும். எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க, அவன் மாத்தச் சொன்னா மாத்துங்க" என்றேன். மறுமுறை வரிக்கு வரி நான் சொன்னது மட்டுமே இருந்தது.

மார்ச் 3, தமிழ்த் தாள். அறை ஒதுக்கக் குலுக்கல் போட்டோம். செல்போன்கள் எல்லாம் அணைத்து மேசையில் வந்துசேர்ந்தன. அந்த இளம் ஆசிரியைக்கு ஆறாம் எண் அறை. பத்து மணிக்கு வராந்தாவில் நடந்துபோனபோது, உள்ளே ஒரு பெண் உறையைப் பார்த்து "தமிழ்" என்று சத்தமாகப் படித்தது வெளியே கேட்டது. பத்தேகால் மணி அடித்ததும் 17 அறைகளிலும் தாள் புரளும் சத்தம். சந்தேகம் கேட்டு யாரும் வெளியே வரவில்லை. மதியம் ஒன்றேகாலுக்குத் தேர்வு முடிந்ததும், பதிவெண் வரிசையில் அடுக்கிய கட்டோடு அந்த இளம் ஆசிரியை வந்தார். 19 விடைத்தாள், ஒருவர் வரவில்லை. நான் எண்ணினேன், அவரும் என் எதிரிலேயே ஒருமுறை எண்ணினார்.