கதைக்குள் கவிதை வந்தால் தேர்வில் என்ன எழுதுவது?

எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சிறுகதைத் தாளுக்குப் படிப்பவர்களில் பலர், கதைக்குள் வரும் கவிதையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இல்லையென்றால் அதற்குப் பொழிப்புரை எழுதிப் பக்கத்தை நிரப்புகிறார்கள். கவிதையின் பொருளை இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். அதைக் கதையில் யார் சொல்கிறார், யாரிடம், எந்த வேளையில் என்பதில்தான் விடை இருக்கிறது. எனக்குக் கைகொடுத்த வழி இதுதான்.

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1950இல் வெளியிட்ட 'தேர் வில் கம் சாஃப்ட் ரெயின்ஸ்' (மென்மழை வரும்) கதையை எடுத்துக்கொள்வோம். தலைப்பே அமெரிக்கக் கவிஞர் சாரா டீஸ்டேலின் கவிதை வரி. அணுகுண்டில் அழிந்த ஊரில் ஒரு தானியங்கி வீடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. சமைக்கிறது, பெருக்குகிறது, ஆட்கள்தான் இல்லை. வெளிச்சுவரில் அவர்களின் நிழலுருவங்கள் பதிந்திருக்கின்றன. இரவு 9.05க்கு அந்த வீடு, எந்தக் கவிதை வேண்டும் என்று வீட்டுக்காரியான திருமதி மெக்லெலனைக் கேட்கிறது. பதில் வராததால், ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லி, அவளுக்குப் பிடித்த டீஸ்டேலையே படிக்கிறது. மனித குலம் அழிந்தாலும் பறவைக்கும் மரத்துக்கும் கவலையில்லை, விடியலில் கண்விழிக்கும் வசந்தம்கூட அதை அறியாது என்பது அந்த 12 வரிகளின் சாரம்.

கவிதை வெளியானது 1918இல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது. ஹிரோஷிமாவுக்கு 12 ஆண்டுகள் முன்பே, 1933இல், டீஸ்டேல் இறந்துவிட்டார். அவருக்கு வெறும் அனுமானமாக இருந்தது பிராட்பரியின் கதையில் நடந்து முடிந்த செய்தி. இந்த ஆண்டுகளை விடையில் குறிப்பிடுங்கள்; அலங்காரத்துக்கு அல்ல, வாதத்துக்கே அவை தேவை.

பெரும்பாலான விடைகள், மனிதனைப் பொருட்படுத்தாத இயற்கை என்பதோடு நின்றுவிடும். அந்த வீடும் பொருட்படுத்தவில்லையே! கேட்க யாருமில்லை என்று அறியாமல் படிக்கிறது. பத்து மணிக்கு வீடு தீப்பற்றிய பிறகும், எரியும் படிப்பறையில் ஒரு குரல் கவிதை வாசித்துக்கொண்டே இருக்கிறது. இந்த இரண்டாவது வாசிப்பைத் தவறவிடாதீர்கள். கவிதையும் விடியலில் முடிகிறது, கதையும் விடியலில் முடிகிறது. ஆனால் கதையின் விடியலில் பறவைகளின் பாட்டு இல்லை, சுவரிலிருந்து தேதி சொல்லும் குரல் மட்டுமே. பிராட்பரி டீஸ்டேலை மேற்கோள் காட்டிக்கொண்டே மறுக்கிறார் என்று நான் வாதிட்டது இதை வைத்துத்தான்.

ஒப்பீடு கேட்டால் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'தி டெட்' சிறுகதை பொருந்தும். விருந்துரையில் கவிஞர் பிரௌனிங்கின் வரிகளைச் சொல்லலாமா, விருந்தினருக்குப் புரியுமா என்று கதைநாயகன் கேப்ரியல் தயங்குகிறான். அவனுடைய இரவைப் புரட்டிப்போடுவதோ, மாடிப்படியில் நின்று அவன் மனைவி கேட்ட பழைய அயர்லாந்துப் பாட்டு. அங்கும் வரிகளின் பொருளைவிட, அவை அவளுக்கு யாரை நினைவூட்டின என்பதையே எழுதுங்கள்.