சாம்பல் வந்த ஊர்

28 மே 2025, புதன். சுங்கை சிப்புட், மலேசியா

அம்மாவின் பாஸ்போர்ட் இன்று கைக்கு வந்தது. 76 வயதில் முதல் பாஸ்போர்ட். போன வாரம் விரல் ரேகை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நாற்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரக் கத்தியும், பால் வடியும் மங்குக் கிண்ணமும், வாளியும் பிடித்த கை. ரேகை தேய்ந்து மழமழவென்று இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து நான்காவது தடவை வைத்த பிறகுதான் இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

போகிற இடம் சமோசிர். சுமத்ராவில் தோபா ஏரிக்கு நடுவில் இருக்கிற தீவு. "பாலிக்குப் போகலாமே, டீச்சர்" என்று பள்ளியில் எல்லோரும் சொன்னார்கள். பாலி அழகான ஊர்தான். ஆனால் எனக்குச் சமோசிர் மேல் ஒரு பழைய ஆசை.

சில வருடங்களுக்கு முன் மாணவர்களை லெங்கோங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனோம். கோலகங்சார் வழியாக இங்கிருந்து ஒரு மணி நேரம். 2012இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. அங்கே கோத்தா தம்பானில் ஆதி மனிதர்கள் கல்லில் கருவி செய்த பட்டறையையே தோண்டி எடுத்திருக்கிறார்கள். கூட வந்த வழிகாட்டி என் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வெளுத்த தூளை வைத்தார். முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி இருந்தது. 74,000 வருடத்துக்கு முன் தோபா எரிமலை வெடித்தபோது பறந்து வந்து நம் பேராக் மாநிலத்தில் விழுந்த சாம்பல் என்றார். தோபாவிலிருந்து லெங்கோங் 350 கிலோமீட்டருக்கு மேல். ஆந்திராவில் ஜ்வாலாபுரம் என்ற ஊரில்கூட அதே சாம்பலைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "நம்ம ஊரு வரைக்கும் சாம்பல் வந்துச்சுன்னா அது எத்தாம் பெரிய அடுப்பு! ஒரு நாளைக்கு அதப் போயி பாக்கணும்" என்றார். அந்த நாள் இப்போதுதான் வாய்த்திருக்கிறது. தம்பி மகனும் கூட வருகிறான், பாட்டிக்குக் கை கொடுக்க.

31 மே, சனி. துக்துக், சமோசிர்

பினாங்கிலிருந்து சுமத்ராவின் மேடான் நகருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிக்கொண்டோம். அங்கே கம்போங் மெட்ராஸ் பகுதியில் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். 1880களில் எழுந்த கோயில். டெலி வட்டாரப் புகையிலைத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் கூலியாக வந்த காலம் அது. நம் பாட்டன் பூட்டன் பினாங்கில் கப்பலை விட்டு இறங்கினார்கள், இவர்களுடைய பாட்டன் இந்தப் பக்கம் இறங்கினார். கோயில் வாசலில் பூ விற்ற அக்காவுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வந்தது. "சாப்பிட்டீங்களா" மட்டும் குறையே இல்லாமல் வந்தது.

அதன்பின் நான்கு மணி நேரத்துக்கு மேல் கார்ப் பயணம். வழி நெடுக செம்பனை, இடையிடையே பால்மரம். டீ குடிக்க நிறுத்திய இடத்தில் அம்மா நேராக ஒரு பால்மரத்திடம் போய் வெட்டுப்பட்டையைத் தடவினார். "ரொம்ப ஆழமா இழுத்துருக்கான். மரத்துல காயம் பட்டுருக்கு பாரு. இந்தப் பக்கம் இனிமே பட்ட சரியா ஏறாது" என்றார். நெடுநேரம் அந்த மரத்தை நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார்.

ஏரிக்கரை ஊரான பராபாட்டுக்கு இறங்கும் வளைவுகளில் ஏரி தெரிந்தது. 100 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம், ஆழமான இடத்தில் 500 மீட்டர். இவ்வளவும் எரிமலையின் வாய். உள்ளே இருந்த குழம்பு பொங்கி வெளியே போனதும், தாங்க ஆளில்லாத கூரை மாதிரி மேல்தரை உள்ளே விழுந்துவிட்டது. பள்ளத்தில் தண்ணீர் நிறைந்தது. பிறகு அடியிலிருந்து குழம்பு மறுபடி முட்ட, ஏரியின் தரையே மெல்ல மெல்ல மேலே வந்து தீவாக நிற்கிறது. நாம் படுத்துத் தூங்கப் போவது ஒரு காலத்தில் ஏரிக்கு அடியில் இருந்த மண்ணில்.

சாலை ஓரத்தில் மலையை வெட்டியிருந்த ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அம்மா பாறையைச் சுரண்டினார். வெளிர்சாம்பல் நிறம். விரலில் ஒட்டியதைத் தேய்த்தால் கரகரவென்று இருந்தது, ரவை மாதிரி. நடுநடுவே கண்ணாடிபோல் மின்னும் மணிகள், கறுத்த தகடுகள். "இதுதான் அந்தச் சாம்பலா?" என்றார். "இது அடுப்படியிலயே விழுந்தது, அம்மா." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். மண்ணை நாடு விட்டு நாடு கொண்டுபோகக் கூடாது, அதனால் அங்கேயே தட்டிவிட்டு வந்தோம்.

படகு ஏறும்போது ஒன்று முக்கியம்: மிதவைச் சட்டை. 2018 ஜூனில் இதே ஏரியில் ஒரு படகு கவிழ்ந்து 160க்கு மேற்பட்டவர்கள் காணாமலே போய்விட்டார்கள். நாங்கள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டோம். நீங்களும் கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். துக்துக் படகு ஒவ்வொரு தங்கும் விடுதியின் படித்துறையாக நின்று நின்று ஆட்களை இறக்கிவிடுகிறது. எங்கள் விடுதி அம்மையார் கையில் விளக்கோடு காத்திருந்தார். "ஹோராஸ்!" என்றார். இங்கே வாழும் பாத்தாக் மக்களின் வணக்கம். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம், இரவில் கேமரன்மலை மாதிரி குளிர்கிறது. பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் எடுத்து வர மறக்க வேண்டாம்.

1 ஜூன், ஞாயிறு

தேவாலயப் பாட்டு கேட்டு விழித்தோம். தண்ணீர்மேல் மிதந்து வந்தது. பெண்கள் ஒரு சுருதி, ஆண்கள் ஒரு சுருதி. 1862இல் சுமத்ராவுக்கு வந்த நொம்மென்சன் என்ற ஜெர்மன் பாதிரியார் ஊன்றிய விதை. இன்று தீவில் திரும்பிய பக்கமெல்லாம் சிலுவைக் கோபுரம்.

காலையில் அம்பாரிதாவில் சியாலாகன் குடியிருப்பு. மரத்தடியில் கல் நாற்காலிகள் போட்டுத் தலைவர் நீதி விசாரித்த இடம். தண்டனையும் பக்கத்திலேயே. பாத்தாக் வீடுகளுக்கு முன்னும் பின்னும் கொம்புபோல் எழும்பிய கூரை. முகப்பில் சிவப்பு, வெள்ளை, கறுப்பு மூன்றே நிறத்தில் செதுக்கு வேலை. அதில் ஒரு பல்லி. பெயர் கேட்டேன், "போரஸ்பாத்தி" என்றார்கள். பிரகஸ்பதி! பாத்தாக் பழைய நாள்கணக்கில் வியாழனுக்கும் அதே பெயர். ஞாயிறு ஆர்த்தியா, திங்கள் சூமா, செவ்வாய் அங்காரா. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பல்லி சத்தம் போட்டால் தரையைத் தட்டும் அம்மா, அந்தச் செதுக்கலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தோமோக்கில் சிடாபுத்தார் ராஜாவின் கல்லறை, சிகாலே-காலே என்ற ஆடும் மரப்பாவை, பிறகு வரிசையாக நினைவுப்பொருள் கடைகள். மதியத்துக்குள் பார்த்துவிடலாம்.

நான் எழுத நினைத்தது திரும்பி வரும் வழியில் பார்த்தது. வயல்களுக்கு நடுவே சின்னச் சின்ன வீடுகள். கூரை வைத்து, வண்ணம் பூசி. முதலில் குடியிருப்பு என்றே நினைத்தேன். எல்லாம் சமாதி. பாத்தாக் மக்கள் பல வருடம் கழித்து முன்னோரின் எலும்பைத் தோண்டி எடுத்து, கழுவி, இப்படி ஒரு வீடு கட்டி மொத்தக் குடும்பத்தையும் மேலே ஏற்றி வைக்கிறார்கள். அதற்குப் பெரிய விருந்து, மேளம், வெளியூரிலிருந்தெல்லாம் சொந்தம் வந்து சேரும். வண்டி ஓட்டிய தம்பி, "எங்கள் தாத்தாவுக்குச் செய்தபோது மூன்று நாள் சாப்பாடு" என்று பெருமையாகச் சொன்னார்.

அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "இவங்க எலும்ப எடுத்துக் கழுவி மேல வைக்கிறாங்க. ஒங்க தாத்தாவ எங்க வச்சோம்னே தெரியாமப் போச்சே."

தாத்தாவைப் புதைத்தது தோட்டத்துச் சுடுகாட்டில். பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டார்கள், பிறகு நிலம் கைமாறியது. வாங்கியவர்கள் மண்ணைத் தள்ளிச் சமன்படுத்தியபோது எங்களுக்குத் தகவல்கூட வரவில்லை. நாங்கள் போய்ப் பார்த்தபோது சிமெண்டு மேடையும் இல்லை, பக்கத்தில் நின்ற மலைவேம்பும் இல்லை. எங்கள் குடும்பம் மட்டுமா? ஒரு லயத்தில் இருந்த இருபது வீட்டுக்கும் இதே கதிதான். காடு அழித்து, பால் வெட்டி, அந்த மண்ணிலேயே விழுந்தவர்களுக்கு ஆறடியை விட்டு வைத்திருக்கலாம். இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

வரப்பில் பூத்திருந்த மஞ்சள் பூவைப் பறித்து, யாரென்றே தெரியாத ஒரு சமாதியின் படியில் வைத்துவிட்டு அம்மா வண்டியில் ஏறினார்.

2 ஜூன், திங்கள்

இன்று முழுக்கச் சாப்பாடு.

விடுதி அம்மையாரின் அடுப்படியில் நின்று ஆர்சிக் சமைப்பதைப் பார்த்தோம். முழுக் கெண்டை மீன். மஞ்சள், இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், மிளகாய், புவா கெராஸ் கொட்டை எல்லாம் சேர்த்து அரைத்த மசாலா. அடியில் செராய் என்ற எலுமிச்சைப்புல் தண்டு பரப்பி, பூங்கா கந்தான் என்ற இஞ்சிவகைப் பூமொட்டு சேர்த்து, தேங்காய்ப்பால் சொட்டுக்கூட விடாமல், தண்ணீர் சுண்டும்வரை சின்னத் தீயில் வேகவிடுகிறார்கள். இதுவரை நமக்குத் தெரிந்த சாமான்தான். ஆர்சிக்கை ஆர்சிக் ஆக்குவது அந்தாலிமான். கொத்துக் கொத்தாக, பச்சை மிளகைவிடச் சின்னக் காய். நசுக்கினால் எலுமிச்சை மணம். நான் ஒன்றைக் கடித்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு நாக்கு நுனியில் குறுகுறுவென்று தொடங்கி உதடு வரைக்கும் மரத்துப்போனது. அதன்மேல் தண்ணீர் குடித்தால் தண்ணீரே புளிக்கிறது! மீனோடு சேரும்போது அந்த மரப்பு பின்னுக்குப் போய், மஞ்சளும் புளிப்பும் முன்னால் வருகிறது. அம்மா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

நானியுரா என்று இன்னொன்று. நெருப்பே காட்டாமல் புளிப்புச் சாற்றில் ஊறவைத்தே பக்குவப்படுத்தும் மீன். தம்பி மகன் சாப்பிட்டுவிட்டு மறுபடி கேட்டு வாங்கினான்.

வெளியே சாப்பிடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். லாப்போ என்ற பாத்தாக் கடைகளில் பி2 என்றால் பன்றி, பி1 என்றால் நாய். கேட்டுவிட்டு உட்காருங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

மாலையில் ஒரு லாப்போவிலிருந்து கிடார் சத்தம். ஆண்கள் துவாக் குடித்துக்கொண்டு குரல் பிரித்துப் பாடினார்கள். துவாக் என்றால் பனைவகை மரத்திலிருந்து இறக்கும் கள். தோட்டத்துக் கள்ளுக்கடையால் சம்பள நாளில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர் அம்மா. அந்தப் பக்கம் பார்க்காமல் வேகமாக நடந்தார். நானும் கூடவே நடந்தேன். ஆனால் பாட்டு நன்றாகத்தான் இருந்தது.

3 ஜூன், செவ்வாய்

அம்மாவுக்குச் செவ்வாய் சைவம். பட்டினி கிடப்பாரோ என்று பயந்தேன். விடுதி அம்மையார் காலையிலேயே திப்பா-திப்பா கொண்டுவந்தார். பார்த்தால் நம் அவல்! வெல்லமும் தேங்காயும் போட்டுச் சாப்பிட்டோம். சந்தையில் லாப்பெட் வாங்கினோம். அரிசிமாவு, தேங்காய், பனைவெல்லம், வாழையிலையில் மடித்து அவித்தது. "கொழுக்கட்டைய இவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார் அம்மா.

தீவைச் சுற்றிப் பங்குருரான் போனோம். அங்கே தீவுக்கும் மேற்குக் கரைக்கும் நடுவே ஒரு கால்வாய்தான். டச்சுக்காரர்கள் வெட்டியது, அதற்கு முன் சமோசிர் ஒரு சிறு நிலத்துண்டால் கரையோடு ஒட்டியிருந்தது. பாலம் தாண்டினால் புசுக் புஹிட். 1,900 மீட்டருக்கு மேல் உயரம். பாத்தாக் மக்களின் ஆதித் தந்தை இந்த மலையில்தான் தோன்றினார் என்பது அவர்கள் நம்பிக்கை. அடிவாரத்தில் வெந்நீர் ஊற்று. மலைச்சரிவு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது, கந்தக வாடை சாலைக்கே வருகிறது.

அம்மா புடவையைக் கெண்டைக்கால் வரை தூக்கிக்கொண்டு தொட்டியில் காலை விட்டார். முதலில் சூடு பொறுக்காமல் எடுத்து, மறுபடி விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக முட்டிவரை இறக்கினார். விடிகாலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய முட்டி. ஒரு மணி நேரம் அசையவில்லை. "அடுப்பு இன்னும் அணையல" என்றார்.

4 ஜூன், புதன்

மழை. ஒரு வீட்டுத் திண்ணையில் உலோஸ் துணி நெய்வதைப் பார்த்தோம். ஒன்று வாங்கினேன்.

பாத்தாக் எழுத்தை எழுதிக் காட்டச் சொன்னேன். அதுவும் பல்லவ எழுத்தின் வழிவந்ததுதான். இந்தத் தீவுக்குத் தென்மேற்கே கடற்கரையில் பாருஸ் என்ற ஊரில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, கற்பூரம் வாங்க வந்த ஐந்நூற்றுவர் வணிகர் குழுவினுடையது. ஏரிக்கு வடக்கே காரோ மக்களிடம் சோலியா, பாண்டியா, பெலாவி என்று குலப்பெயர்கள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பள்ளி திறந்ததும் ஆறாம் ஆண்டில் முதல் பாடம் இதுதான்.

14 ஜூன், சனி. லெங்கோங்

வந்ததிலிருந்து அம்மா ஒரே பிடிவாதம், நம் பக்கத்துச் சாம்பலைப் பார்க்க வேண்டும் என்று. இன்று கூட்டி வந்தேன். லெங்கோங்கில் ஆசிரியராக இருக்கும் தோழி ஒரு சரிவைக் காட்டினாள். செம்மண்ணுக்கு நடுவே வெளுத்த பட்டையாக ஓடுகிறது.

அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். குனிந்து, விரல் நுனியால் ஒற்றி எடுத்து, கட்டைவிரலால் தேய்த்தார். ரேகையில்லாத அந்த விரல்களில் சாம்பல் ஒட்டி, கோடு கோடாகத் தெரிந்தது.

"இது நைசா இருக்கு. அங்க இருந்தது கரகரன்னு இருந்துச்சு."

"ஆமா, அம்மா."

"மொறத்துல பொடைக்கிற மாதிரிதான். கனமானது காலடியில விழும். தூசுதான் காத்தோட தூரம் போவும்."

இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு கையைத் தட்டாமலே வண்டிக்கு நடந்தார்.